டஸ்டர் போட்ட அம்புகள்

“சார், என் பெட்டி மேல உங்களுக்கு அப்படி என்ன கோபம்?”

மீட்டிங் ரூம் கதவைத் திறந்ததுமே கேட்டுவிட்டாள். டீம் லீடர் திரும்பினார். கையில் பேனா, பின்னால் வெள்ளைப் பலகை.

ஆஸ்பத்திரி ஒன்றுக்கு சாஃப்ட்வேர் எழுதுகிற குழு அது. நாலே பேர். நோயாளி, மருந்து, அறை, கட்டணம் என்று ஆளுக்கொரு கிளாஸ், அதாவது புரோகிராமில் ஒரு துண்டு. பலகையில் ஆளுக்கொரு பெட்டி. ஒரு பெட்டி இன்னொன்றை நம்பியிருந்தால் நடுவில் ஓர் அம்புக்குறி. கிளாஸ் டயகிராம் என்று பெரிதாகச் சொன்னாலும் விஷயம் அவ்வளவுதான். ‘அறை’ அவளுடையது.

லீடருக்கு ஆபீஸ் வைத்த பெயர் டஸ்டர். அம்புக்குறியைக் கண்டாலே அவருக்குக் கை துறுதுறுக்கும். “ஒருத்தர் வேலையில இன்னொருத்தர் மூக்கை நுழைக்கக் கூடாது. இங்க ஒண்ணை மாத்தினா அங்க ஒண்ணு உடையக் கூடாது” என்று சொல்லிச் சொல்லியே அழித்துத் தள்ளுவார்.

அப்பேர்ப்பட்ட மனுஷன், இன்று மற்றவர்கள் வருவதற்கு முன்பே வந்து அவளுடைய பெட்டியில் அம்பு மேல் அம்பாகப் போட்டு வைத்திருக்கிறார். ‘அறை’ முள்ளம்பன்றி மாதிரி நின்றது.

“நோயாளியோட ரத்த வகை என்னன்னு என் அறையைத்தான் கேட்கணுமா சார்? மருந்து தீர்ந்துபோச்சான்னும் அறையையே கேட்கணுமா? கட்டிலுக்கும் மெத்தைக்கும் அதெல்லாம் எப்படித் தெரியும்?”

“கேட்டா என்ன? இருந்துட்டுப் போகட்டுமே.” அவர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

“நீங்களா சார் இப்படிப் பேசுறீங்க?”

“இன்னைக்கு ஒரு நாள் விட்டுடுங்களேன்.”

 ஆபீஸ் ரேடியோ என்று பேரெடுத்த பக்கத்து சீட்டுக்காரர் காலையில் அவள் காதைக் கடித்திருந்தார். “நம்ம நாலு பேர்ல ஒருத்தரை வீட்டுக்கு அனுப்பப் போறாங்களாம். யாரோட பெட்டியில தப்பு ஜாஸ்தியோ, அவங்கதானாம்.”

இத்தனை அம்பு வந்து குத்தினால் ஊரார் செய்கிற தப்பெல்லாம் அவள் தலையில்தான் விடியும். வீட்டுக்காரருக்கு வேலை போனதிலிருந்து அவள் சம்பளத்தில்தான் அடுப்பு எரிகிறது. அது டஸ்டருக்கும் தெரியும். குழந்தைக்குக் காய்ச்சல் என்று அவள் லீவு போட்டபோதெல்லாம் அவள் வேலையையும் சேர்த்து முடித்துக் கொடுத்தவர் அவர்தான். அவரா இப்படிக் குழி பறிப்பார்? பறிக்கவில்லை என்றால் இந்த அம்புகள் எதற்கு? எந்தப் பக்கம் யோசித்தாலும் பிடிபடவில்லை. 

“இது தப்பான படம்னு உங்களுக்கே தெரியும். நானே அழிச்சுடறேன்.”

மேஜை மேலிருந்த டஸ்டரை வெடுக்கென்று எடுத்தாள். கையெல்லாம் நீல மை அப்பிக்கொண்டது. விடிந்ததும் விடியாததுமாக வந்து அம்பு போட்டவர் எதை இவ்வளவு அழித்தார்? அதுவும் புரியவில்லை.

“கீழே வைங்கம்மா அதை!”

அவர் குரலை உயர்த்தி அவள் கேட்டதே இல்லை. திகைத்து நின்றபோது கதவு திறந்தது. மேலதிகாரி. அவள் டஸ்டரைச் சட்டென்று முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டாள்.

வந்தவர் உட்காரக்கூட இல்லை.

“நேத்து போன்ல சொன்னேனே, அதுதான். ஒரு ஆளைக் குறைச்சே ஆகணும். எந்தப் பெட்டியைக் கழற்றினா மத்தது ஆடாதோ, அதை வெளியில ரெடிமேடா வாங்கிக்கலாம்.” அவர் விரல் ‘அறை’யின் மேல் போய் நின்றது. “போன தடவை வந்தப்ப இது பாட்டுக்குத் தனியா நின்னுது. இதைத்தான் மனசுல வச்சுக்கிட்டு வந்தேன். இப்ப என்னடான்னா, எல்லாரும் இதையே பிடிச்சுத் தொங்கறாங்க!”

“ஆமா சார். அதை எடுத்தா மொத்தமும் படுத்துடும்” என்றார் டஸ்டர்.

அவள் சட்டென்று அவர் பக்கம் திரும்பினாள்.

மேலதிகாரியின் விரல் பலகையில் ஊர்ந்து, ஓரத்திலிருந்த ‘கட்டண’த்தில் நின்றது. அதில் ஓர் அம்புகூட இல்லை. சுற்றிலும் துடைத்த நீலத் தடம் மட்டும் இருந்தது.

“இதுக்கு மட்டும் யாரோடயும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. கழற்றறது சுலபம். யார் எழுதறது இதை?”

“நான்தான் சார்” என்றார் டஸ்டர்.