பெருநாளைக்குப் பூசிய சுவர்

“கைவேலையில ஒரு குறையும் இல்ல. ஆனா, சான்றிதழ் தர ஏலா.”

மதிப்பீட்டாளர் மீராமுகைதீன் விண்ணப்பக் கோப்பை மூடினார்.

எதிரே நின்ற கோகுலனின் விரல்களில் வெள்ளை வர்ணம் இன்னும் காயவில்லை. சற்று முன்னர்தான் அவர் தொழிற்பயிற்சி நிலையத்தின் பரீட்சைச் சுவரைப் பூசி முடித்திருந்தார். ஓரம் மறைக்கும் நாடா ஒட்டாமல், வெறும் தூரிகையாலேயே கூரையோரக் கோட்டை அவர் இழுத்த அழகை எழுதுவினைஞர் ஸிராஜ் வைத்த கண் வாங்காமல் பார்த்திருந்தார்.

கோகுலன் வீரமுனையில் பிறந்தவர். தொண்ணூறாம் ஆண்டு தாயின் இடுப்பிலிருந்தபடி இந்தியாவுக்குப் போனவர், முப்பது ஆண்டுகளுக்கு மேல் அகதி முகாமில் வாழ்ந்து, சென்ற ஆண்டுதான் மனைவி மக்களோடு ஊர் திரும்பியிருந்தார்.

“மூணு கடிதம் வச்சிருக்கேன் சார். எல்லாம் பெரிய பெரிய கட்டடம்.”

“எல்லாம் இந்தியாவில. நம்மட நாட்டில செஞ்ச வேலைக்கி ரெண்டு கடதாசி வேணும். ஒண்டு, வேலை செய்விச்சவர்ர கடிதம். மத்தது, அந்த வேலையக் கண்ணால கண்ட வேறொராள் எழுதின சாட்சி.”

“சான்றிதழ் இல்லாம இங்க யாரும் வேலை தரலையே சார்.”

“அதுவும் எனக்குத் தெரியும்.”

ஆஸ்பத்திரியில் எழும்பும் புதிய கட்டடத்துக்கு வர்ணம் பூச ஆட்களைப் பதிந்துகொண்டிருந்தார்கள். சான்றிதழ் இல்லாதவருக்கு இடமில்லை. திங்கட்கிழமை பின்னேரத்தோடு பதிவு முடிகிறது.

மீராமுகைதீன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“ஒண்டு செய்யுங்க. நாளைக்கிக் காலையில ஏழு மணிக்கி நிந்தவூருக்கு வாங்க. நான் இரிக்கிற ஊட்டுக்கு முன்சுவர் பூசணும்.”

ஸிராஜ் திடுக்கிட்டு நிமிர்ந்தார். கோகுலன் விரல்களைத் துடைத்துக்கொண்டார்.

“ஆமா சார். வர்றேன்.”

“ஆமாவா? வீரமுனை ஆக்கள் ஓம் எண்டுதானே சொல்லுற.”

“பழகிருவேன் சார்.”

வாசலில் ஸிராஜ் அவரை மறித்தார்.

“போகாதீங்க அண்ணன். மனிசன் உங்கட இக்கட்ட வெச்சி ஓசியில வேலை வாங்கப் பாக்கிறார்.”

“முகாம்ல ஒவ்வொரு கையெழுத்துக்கும் யாருக்காவது ஒரு சுவர் பூசியிருக்கேன் தம்பி. இதுவும் ஒண்ணு.”

மறுநாள் காலை பத்து மணி. சந்தையில் மீன் வாங்கிக்கொண்டு நிந்தவூர் வீதியால் திரும்பிய ஸிராஜ், மீராமுகைதீன் இருக்கும் வீட்டு வளவின் முன்னால் மோட்டார் சைக்கிளை நிறுத்தினார்.

நோன்புப் பெருநாளைக்குப் பூசிய அதே சுவர். மூன்று மாதம்கூட ஆகவில்லை, பளபளத்தது. கோகுலன் அதைத் தேய்த்துக்கொண்டிருந்தார். மீராமுகைதீனோ மாமர நிழலில் கதிரை போட்டமர்ந்து, அவர் வேலை செய்வதைக் கைத்தொலைபேசியில் படம் பிடித்துக்கொண்டிருந்தார்.

“சேர், இது பெருநாளைக்குப் பூசினதுதானே?”

“ஓம். நிறம் புடிக்கல்லயாம், பொண்டாட்டிக்கு.”

அப்போது கோகுலன் ஒரு விரலால் சுவரைத் தடவி, அதை நாக்கில் வைத்துப் பார்த்தார்.

“உப்பு சார். கடல் காத்து அடிச்ச உப்பு. முன்னாடி பூசினவரு கழுவாமலே பூசியிருக்காரு. அடுத்த மழைக்கு எல்லாம் உரிஞ்சு வந்துரும்.”

“அப்ப கழுவுங்க. அவசரப்படத் தேவல்ல. எல்லாம் ஒழுங்கா நடக்கணும்.”

மதிலுக்கு அப்பாலிருந்து அடுத்த வளவு ஜுனைட் எட்டிப் பார்த்தார்.

“மச்சான், ஓசியில ஆள் கிடைச்சா எங்கட மதிலுக்கும் அனுப்புங்க!”

மீராமுகைதீன் குலுங்கிச் சிரித்தார். அந்தச் சிரிப்புத்தான் ஸிராஜைச் சுட்டது.

பின்னேரம் அஸர் தொழுகைக்குப் போகும்போதும் ஸிராஜ் அவ்வழியே வந்தார். கோகுலன் இரண்டாம் பூச்சில் நின்றார். அன்றிரவே ஸிராஜ் மேலிடத்துக்கு ஒரு முறைப்பாடு எழுதினார். திகதி, நேரம், இடம், தேய்த்தது, கழுவியது, பூசியது ஒன்றையும் விடவில்லை. அடியில் தெளிவாகக் கையொப்பமும் இட்டார்.

திங்கட்கிழமை காலை, மீராமுகைதீனின் மேசை முன்னால் கோகுலன் அமர்ந்திருந்தார். ஸிராஜ் முறைப்பாட்டோடு உள்ளே நுழைந்தார்.

“சேர், குறை நினைக்கப்படா. பரீட்சைக்கு வந்தவர மதிப்பீட்டாளர் தன்ட ஊட்டு வேலைக்கி எடுக்கப்படா. விதி அது. நான் எழுதிட்டன்.”

“நல்லம். விதி அதுதான்.” மீராமுகைதீன் சற்றும் கலங்கவில்லை. “தம்பி, நீங்க கலியாணம் முடிச்சி எத்தின வருசம்?”

“ஆறு.”

“நீங்க இரிக்கிற ஊடு யார்ர பேர்ல?”

ஸிராஜ் விழித்தார். “அவட பேர்ல. சீதனமாக் கிடைச்ச ஊடு.”

“நம்மட பக்கத்தில எந்த ஆம்பிளைக்கி ஊடு இரிக்கி? நானும் முப்பத்திரெண்டு வருசமா பொண்டாட்டி அஸீஸாட ஊட்டிலதான் இரிக்கன்.”

அவர் கோப்பைத் திறந்து ஒரு கடிதத்தை நகர்த்தினார். ஸிராஜ் வாசித்தார்.

‘கோகுலன் என்பவர் என் வீட்டு முன்சுவரைப் பேசிய கூலிக்குப் பூசித் தந்தார். நான் நிறத்தை மாற்றவே சொன்னேன். முன்பு பூசியவர் விட்டுச்சென்ற உப்பையும் இவர் கழுவித் தந்தார். இப்படிக்கு, வீட்டு உரிமையாளர், மீ. அஸீஸா.’

ஸிராஜ் கோகுலனைப் பார்த்தார்.

“ஓம் தம்பி,” என்றார் கோகுலன், சிரிப்பை அடக்கியபடி.

மீராமுகைதீன் கையை நீட்டினார்.

“உங்கட முறைப்பாட்டையும் தாங்க. கண்ணால கண்ட ஒராள்ர சாட்சிதான் இன்னும் குறையுது.”