பொட்டளவு வெளிச்சம்

ஐப்பசி மழைக்கு முன் ஓடு மாற்ற ஈஸ்வரமூர்த்தி கூரைமேல் ஏறியிருந்தான். ஜன்னல்களை அடைத்துவிட்டு, மூத்த மனைவி பாவாயி வீட்டுக்குள் இருட்டில் நின்றாள். வெளிச்சம் தெரியும் இடத்தை அவள் கழியால் தட்டினால், அவன் அங்கே புது ஓடு வைப்பான். உச்சிவேளையில்தான் பார்ப்பார்கள். அப்போது வெயில் விழும் இடத்தில்தான் மழையும் விழும்.

ஏணியடியில் நின்று ஓடு எடுத்துக் கொடுத்த இளையவள் சரோஜினி கேட்டாள்: "அக்காவுக்குக் கண்ணு தெரியுமாங்க?"

"குத்தங் கண்டுபிடிக்கறதுல அவ கெட்டிக்காரி" என்று சிரித்தான்.

சரோஜினி வந்த அன்று பாவாயியின் பாய் அடுப்படிக்குப் போனது. போன மழையின்போது, அங்கே ஒழுகுகிறது என்று அவள் சொன்னதற்கு, "சாக்கைப் போத்திக்கிட்டுப் படு" என்றான்.

இப்போது பாவாயி படுக்கையறைக்குள் வந்தாள். கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவே தரையில் பொட்டளவு வெளிச்சம் கிடந்தது. கழியைச் சாய்த்து வைத்துவிட்டு, சத்தமில்லாமல் கட்டிலை இழுத்தாள். வெளிச்சம் மெத்தைமேல் ஏறி, அவன் தலையணையின் நடுவில் வந்து நின்றது.

"இன்னும் எங்காச்சும் தெரியுதா?"

"இல்லீங்க. எறங்கி வாங்க."

அடுப்படிக்குப் போய்த் தன் சாக்கை எடுத்து வந்தாள். அதை நன்றாக உதறி, நாலாக மடித்து, கட்டிலின் கால்மாட்டில் வைத்தாள்.