பின்னங்கால் முள்

எருமையின் முதுகை மைனா கவனித்துக்கொண்டது, கால்களைக் கொக்கு. இருந்தும் இரண்டும் ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை.

எருமை மேய்ச்சலை விட்டு ஒரு மாதமாயிற்று. எந்நேரமும் வேலமரத்தில் தோளைச் சாய்த்தபடி நின்றது. தோளிலோ ஆறாத புண். உண்ணிதான் காரணமென்று மைனா கொத்திக் கொத்திப் பார்த்தது. புண் பெரிதானதுதான் மிச்சம்.

கடைசியில் மைனா வெட்கத்தை விட்டுக் கீழே எட்டிப் பார்த்து, "கொக்கண்ணே, உங்களுக்கு ஏதாவது தெரியுமா?" என்று கேட்டது.

"பின்னங்காலில் முள் தைத்திருக்கிறது. ஊன்ற முடியாமல்தான் மரத்தில் சாய்கிறது. நான் முள்ளைப் பிடிக்கும்போதெல்லாம் உதைக்கிறதே, ஏன்?"

மைனாவுக்குச் சுருக்கென்றது. "அப்போது நான் மேலே புண்ணைக் கொத்திக்கொண்டிருப்பேன்."

அன்று மைனா அலகை மூடிக்கொண்டது. கொக்கு முள்ளை உருவியது. மரத்தில் உரசாத தோள் பத்தே நாளில் ஆறிவிட்டது.

இனிக் கொத்துவதற்கு ஒன்றுமில்லையே, வயிற்றுக்கு என்ன செய்வது என்று மைனா யோசித்தது. அதற்குள் எருமை உயர்ந்த புல்லுக்குள் இறங்கியிருந்தது. அது அடி வைக்க வைக்க வெட்டுக்கிளிகள் கூட்டமாக எழும்பின. மைனாவும் கொக்கும் வயிறு முட்டத் தின்றன.

எருமை திரும்பிப் பார்த்து, "போதுமா, இன்னும் கொஞ்சம் நடக்கட்டுமா?" என்றது.