கால் வைத்த நேரம்

நிலநடுக்கம் ஓய்ந்த மறுநாள். ஏரிக்கரை ஊரான கரோங்காவில் துபொகிக்வேயின் வீட்டுச் சுவர் கூரைவரை பிளந்திருந்தது.

“எல்லாம் இவ கால் வெச்ச நேரம், வீடே ரெண்டாச்சு!” என்று புது மருமகள் தெக்லாவைக் காட்டினாள் அவள்.

சுவரைப் பார்க்க வந்திருந்த பாறை ஆய்வாளர் லுசுங்கு சிரித்தாள். “அவளை ஏம்மா திட்டறீங்க? நம்ம ஏரிக்கரை பூமியே மெல்ல மெல்லப் பிரிஞ்சுக்கிட்டிருக்கு. மண்ணுக்கு அடியில ஆதிகாலப் பாறை. அதுல பழைய தழும்பு மாதிரி ஒரு கோடு உங்க வீட்டுக்குக் கீழே ஓடுது. பூமி புதுசா வழி தேடாது. அந்தக் கோட்டுலயேதான் பிளக்கும்.”

“அப்போ, முன்னே ஒரு தடவை பிளந்திருந்தா?” என்று கேட்டாள் துபொகிக்வே.

“அதுக்கும் அதே கோடுதான் காரணம்.”

துபொகிக்வே லுசுங்குவின் கையைப் பிடித்து இழுத்தாள். “வா, இதை இன்னொருத்தர் காதுலயும் போடணும்.”

தன் கணவனிடம் சொல்லத்தான் போகிறார்கள் என்று நினைத்து தெக்லாவும் பின்னாலேயே ஓடினாள்.

துபொகிக்வே வாழைத்தோப்பைத் தாண்டி, ஒரு கல்லறை முன் போய் நின்றாள்.

“நல்லாக் கேட்டுக்கோங்க அத்தை! நான் கல்யாணமாகி வந்த வருஷம் சுவர் பிளந்துச்சே, அது என் கால் செஞ்ச வேலை இல்லையாம்!”

“என் காலையும் சேர்த்துச் சொல்லிடுங்க அத்தை!” என்றாள் தெக்லா.