தறியில் இருந்த பெயர்

சபுரா பீவி நெய்யும் கல்யாணப் பாய்களில் மணமக்களின் பெயர்கள் சாயக் கோரையிலேயே இருக்கும். இந்தப் பாயில் அங்கயற்கண்ணி என்ற நீளப் பெயருக்கு ஆறு நாள் ஆனது. அதற்கு மேலே நிரஞ்சன் என்பதையும் நெய்து முடித்த அன்று, மாப்பிள்ளையின் அம்மா வந்து நின்றாள்.

"பொண்ணு மாறிட்டும்மா. அந்தப் பேரை மட்டும் பிரிச்சிட்டுப் புதுப் பேரைப் போட்டுருங்க."

"ஏன், அந்தப் புள்ளைக்கு என்ன?"

"கணுக்கால்ல வெள்ளையா ஒரு தேமலாம். நல்லவேளை, இப்பவே தெரிஞ்சுது."

சபுராவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கத்திரிக்காயில் சொத்தை பார்த்த மாதிரியல்லவா பேசுகிறாள்!

"அந்தப் பேருக்குப் போகணும்னா, மேல இருக்கிற உங்க மகன் பேரைத்தான் முதல்ல பிரிக்கணும்."

"பிரிங்க. பெறகு திரும்பப் போட்டுக்கிடலாம்."

அவள் பார்த்துக்கொண்டிருக்க, சபுரா நிரஞ்சனை ஒவ்வொரு கோரையாக உருவித் தரையில் போட்டாள். பெண்ணின் பெயர் வந்ததும் நிறுத்தினாள். அந்த இடத்திலேயே பாவு நூல்களை அறுத்து, முடிச்சிட்டு, பாயைச் சுருட்டிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு எழுந்தாள்.

"என்னம்மா செய்யுதீங்க?"

"பாய் முடிஞ்சிட்டு" என்றாள் சபுரா. "அந்தப் புள்ளை வீடு எந்தத் தெருவுல?"