மறுத்தால் உட்கார வேண்டும்

மார்லீன் இந்தத் தடவையும் மறுத்துவிட்டாள்.

போல்கா ஆட அழைத்துக் கையை நீட்டி நின்ற நண்பர் ஃபெர்னாண்ட் சிரித்துக்கொண்டே விலகினார். பக்கத்திலிருந்த அவள் கணவன் யோரிஸுக்குச் சிரிப்பு வரவில்லை. ஆர்டென் மலைக் கோட்டையில் நடக்கும் அந்தக் கோடை நடன வாரத்தில் எல்லாமே பழங்கால முறைதான். கணவனும் மனைவியும் ஜோடி சேரக் கூடாது. ஒருவரை மறுத்த பெண் அந்த ஆட்டம் முடியும்வரை யாருடனும் ஆடக் கூடாது. அவள் கணவனும் துணைக்கு உட்கார்ந்தே இருக்க வேண்டும்.

"வருஷம் பூரா செங்கல் சுமந்துட்டு இந்த ஒரு வாரத்துக்குத்தான் வர்றேன். மெதுவான ஆட்டத்துக்கெல்லாம் எழுந்து போறே. வேகமா குதிச்சு ஆடற போல்கான்னா மட்டும் என்ன வந்துச்சு உனக்கு?" என்றான் யோரிஸ்.

"வயசாச்சுல்ல."

"உனக்கா? உருளைக்கிழங்கு உரிக்கிறப்பவே போல்கா ஆடறவளாச்சே நீ!"

"நீ அடுத்தவ இடுப்பப் பிடிக்கிறது அவளுக்குப் பொறுக்கலப்பா!" என்றார் ஃபெர்னாண்ட். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள்.

யோரிஸின் முகம் சிவந்தது. "இதுதான் கடைசி போல்கா. யார் கேட்டாலும் சரின்னு சொல்லு. இல்லேன்னா அடுத்த வருஷம் நான் தனியாத்தான் வருவேன்."

நடன ஆசிரியரே வந்து கை நீட்டினார்.

"மன்னிச்சுக்குங்க" என்றாள் மார்லீன்.

இசை தொடங்கியது. யோரிஸ் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்தான். மார்லீன் கையுறையைக் கழற்றினாள். உள்ளங்கையில் ஒரு வெள்ளை மாத்திரை இருந்தது.

"நெஞ்சுவலி மாத்திரைய ஆட்ட ஷூவுக்குள்ள ஒளிச்சு வச்சியே, அதுக்குப் பாலிஷ் போடறது யாருன்னு நெனச்சே?"

யோரிஸ் குனிந்து தன் ஷூவைப் பார்த்தான்.

"முழுங்கு. அடுத்த வருஷமும் நீ வரணும்."