புல்லின் ஓரம்

ஃபயாஸ் கயிறு கட்டி, வாசலிலிருந்து கேட் வரையிலான சிமெண்ட் பாதையில் படர்ந்திருந்த புல்லை ஓரம் பிசகாமல் நறுக்கிக்கொண்டிருந்தான்.

"மூணு நாளா இதே வேலையா இருக்கேளே, ஆராவது விருந்தாளி வராளா?" மதிலுக்கு அப்பாலிருந்து கேட்டார் விஸ்வநாத். பக்கத்து வீட்டுக்குப் போன வாரம்தான் குடிவந்திருந்தார்.

"இல்ல சாரே. வீட்டுக்காரி முஹ்சினாக்கு வேண்டித்தான். இன்னிக்கு அவ திரும்ப வேலைக்குப் போறா."

"அதுக்குப் புல்லு இத்தனை நேரா இருக்கணுமா?"

"ஒரு விரல் நீண்டாலும் அவளுக்குத் தெரிஞ்சிடும்."

"அடேயப்பா, பொல்லாத கண்ணுதான்!"

கதவு திறந்தது. கறுப்புக் கண்ணாடி அணிந்த முஹ்சினா படியிறங்கினாள். ஃபயாஸ் ஓடிப்போய்க் கை நீட்டினான்.

"வேணாம், நானே போறேன்."

பார்வை போன இரண்டு வருஷத்தில் அவள் தனியாக நடப்பது அன்றுதான் முதல்முறை. அவளுடைய வெள்ளைக் கைத்தடி, புல்லும் சிமெண்டும் சேரும் ஓரத்தைத் தொட்டுத் தொட்டு முன்னே போனது. விஸ்வநாத் மதிலுக்கு மேலாக எட்டி அந்த ஓரத்தைப் பார்த்தார்.

எங்கும் தடுமாறாமல் கேட்டைத் தொட்டுவிட்ட முஹ்சினா திரும்பினாள்.

"அழகா வெட்டியிருக்கீங்க" என்றாள்.